மலுக்குக் குடிகளும் நெதர்லாந்தும்: குழந்தைகளொடு பெயர்ந்த ஒரு கூட்டத்தின் வரலாறு

1. முன்னுரை

கடல் கடந்து செல்லுஞ் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியல் கூறும் மரபு எனப் பொருள் கொள்வோர் பலர். தலைவன் பொருள்வயிற் பிரிகின்றான். தலைவி இல்லிருந்து ஆற்றியிருக்கின்றாள். கார்காலம் வருமுன் அவன் மீள்கின்றான். இவ்வமைப்பில் பிரிவுக்கும் இடமுண்டு, மீட்சிக்கும் இடமுண்டு. மனைவியையும் கைக்குழந்தையையும் உடன்கொண்டு, ஒரு மனைவாழ்க்கை முழுவதுமே கடல் கடக்கும் நிலைக்கு ஆங்குத் துறை வகுக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் வரலாற்றிலோ அத்தகைய பெயர்ச்சியே பெருவழக்காயிற்று.

தனியொருவன் அயல்நாடு சேர்ந்தால் தன் வாழ்நாளிற் சில ஆண்டுகளைத் தள்ளிவைத்துக் காத்திருத்தல் கூடும். சிறாருக்கு அவ்வாறு தள்ளிவைக்கத்தக்க காலம் ஒன்று இல்லை. ஐந்தாண்டு காத்திருக்கும் தந்தை ஐந்தாண்டின் பின்னும் தந்தையே. ஐந்து வயதுக் குழந்தையோ பத்து வயதினதாகி, வேறு மொழி பேசி, வேறு தெருவைத் தன் தெருவென்று கொள்கின்றது. இவ்வேறுபாடு வரலாற்றில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சான்றாக யாம் எடுத்துக்கொள்வது 1951-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியத் தீவுகளினின்று நெதர்லாந்து நாட்டிற்குக் கொண்டுவரப்பெற்ற மலுக்கு மக்களின் வரலாறாகும். ‘தற்காலிகம்’ என்னும் ஒரு சொல்லின்மேல் ஒரு கூட்டத்தின் வாழ்க்கை முழுவதும் அமைக்கப்பட்டது என்பதும், அச்சொல்லுக்குரிய விலையைச் செலுத்தியவர் பெரும்பாலும் சிறாரே என்பதும் எமது துணிபு.

2. மலுக்குத் தீவுகளும் படைவீடும்

மலுக்குத் தீவுகள் கிராம்பிற்கும் சாதிக்காய்க்கும் தாயகமாகும். அம்மணப்பொருள்களை நாடியே ஐரோப்பியர் ஆங்குச் சென்றனர். அம்போன் தீவின் கோட்டையை 1605-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். அதன்பின் அத்தீவினரிற் பெரும்பகுதியோர் சீர்திருத்தக் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு அவ்விளைஞர் பலர் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியப் படையிற் சேர்ந்தனர். தீவுக்கூட்டம் முழுவதினும் ஒல்லாந்தர் ஆட்சியை நிலைநாட்டிய படை அதுவே. ஆதலின் அண்டை மக்கள் பலர் அம்போன் வீரரை ஆள்வோரின் கையாட்கள் என்றே எண்ணினர். பின்னிகழ்ந்தவற்றுக்கு இஃது ஓர் அடிப்படையாகும்.

இப்படையின் வீரர் தம் மனைவியரோடும் சிறாரோடும் படைவீட்டிலேயே வாழ்ந்தனர். படைவீட்டை மலாய் மொழியில் ‘தங்சி’ என்பர். ஆங்குப் பிறந்து வளர்ந்த சிறாருக்கு ‘அனாக் கோலோங்’ என்று பெயர். ‘அனாக்’ என்பது குழந்தை. ‘கோலோங்’ என்பது கட்டில் முதலியவற்றின் அடியிலுள்ள வெற்றிடம். பெற்றோரின் கட்டிலுக்கடியில் உறங்கியமையின் அப்பெயர் போந்தது என்பர். ஓரூரினின்று மற்றோரூருக்குப் படை பெயருந்தோறும் இக்குழந்தைகளும் பெயர்ந்தனர். எனவே பெயர்தல் இவர்களுக்குப் புதிதன்று. ஆயின் படைவீட்டில் தந்தைக்கு வேலையுண்டு, பதவியுண்டு, ஊதியமுண்டு, தாய்க்கு அடுப்புண்டு. பின்னர் நெதர்லாந்தில் நேர்ந்தது யாது என்பதை அறிதற்கு இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இவர்தம் பொதுமொழி மலாய். பல தீவினரும் கூடிய படைவீட்டில் வழங்கிய மலாயைத் ‘தங்சி மலாய்’ என்பர். அம்மொழியிற் கலத்தைக் குறிக்கும் ‘கப்பால்’ என்னும் சொல்லும், பேழையைக் குறிக்கும் ‘பெத்தி’ என்னும் சொல்லும் தமிழின் ‘கப்பல்’, ‘பெட்டி’ என்பனவே என்பது மொழிநூலார் பெரிதும் உடன்படும் முடிபு. பழந்தமிழ் வணிகரொடு கீழ்க்கடல் கடந்த இவ்விரு சொற்களும் 1951-இல் மலுக்குக் குடும்பங்களின் வாய்மொழியாக ஐரோப்பாவுக்கும் சென்றன. அப்பெட்டிகளைப் பற்றிப் பின்னர்க் கூறுதும்.

3. 1951-ஆம் ஆண்டுச் செலவு

1949-ஆம் ஆண்டு திசம்பர் 27-ஆம் நாள் நெதர்லாந்து அரசு இந்தோனேசியாவின் இறைமையை ஒப்படைத்தது. ஒப்படைக்கப்பட்ட நாடு கூட்டாட்சி நாடாகவே வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் சில திங்களுக்குள் கூட்டரசின் உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கலைந்து, 1950 ஆகத்து 17-இல் இந்தோனேசியா ஒற்றையாட்சி நாடாயிற்று. இம்மாற்றத்தை ஏலாத தலைவர் சிலர் அவ்வாண்டு ஏப்பிரல் 25-இல் அம்போனில் தென்மலுக்குக் குடியரசை அறிவித்தனர். இந்தோனேசியப் படை அவ்வாண்டின் இறுதிக்குள் அம்போனைக் கைப்பற்றிற்று. எஞ்சியோர் செராம் தீவின் காடுகளிற் புகுந்து போரிட்டனர்.

இதற்கிடையே 1950 சூலை 26-இல் கிழக்கிந்தியப் படை கலைக்கப்பட்டது. சாவாத் தீவிலும் பிற இடங்களிலும் இருந்த மலுக்கு வீரர் பலர் இந்தோனேசியப் படையிற் சேரவும் ஒருப்படவில்லை. இந்தோனேசிய ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் விடுவிக்கப்படவும் ஒருப்படவில்லை. தாம் விரும்பும் இடத்தில் விடுவிக்கப்படும் உரிமை தமக்கு உண்டென்றனர். அவர் விரும்பியது அம்போன், அல்லது அக்காலத்து ஒல்லாந்தர் வசமிருந்த நியூகினி. அம்போன் செல்ல இந்தோனேசியா இசையவில்லை. நியூகினி செல்ல நெதர்லாந்து இசையவில்லை. வீரரின் விருப்பத்திற்கு மாறாக இந்தோனேசிய மண்ணில் அவரை விடுவித்தல் ஆகாது என்று தி ஹேக் நகரத்து நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. எஞ்சிய வழி ஒன்றே. அவர்களைக் குடும்பத்தோடு நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப் படைக்கட்டளை பிறந்தது. ஆதலின் இவர்தம் செலவு தாமே தேர்ந்த குடிபெயர்வு அன்று. ஏவலின்வழி நிகழ்ந்த செலவாகும். சில்வியா பெசிரெரோன் 2003-இல் வெளியிட்ட நூலுக்கு ‘நாங்கள் படைக்கட்டளையால் இங்கு வந்தோம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டமையும் இதுபற்றியே.

‘கோத்தா இந்தென்’ என்னும் முதற்கப்பல் சுரபாயாத் துறையினின்று புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு திங்கட் பயணத்தின் பின் 1951 மார்ச்சு 21-இல் ரோட்டர்டாம் துறையை அடைந்தது. சூன் வரையில் பிற கப்பல்கள் தொடர்ந்து வந்தன. வந்தோர் ஏறத்தாழ 12,500 பேர். அவருள் வீரர் ஏறத்தாழ 3,500 பேரே. எஞ்சிய ஏறத்தாழ 9,000 பேரும் பெரும்பாலும் மகளிரும் சிறாருமாவர். இவ்வெண்ணிக்கை கருதத்தக்கது. ஏட்டில் இஃதொரு படைப்பிரிவின் இடமாற்றம். மெய்யாக இது குழந்தைகளின் குடிபெயர்வு. நடுக்கடலிற் பிறந்த மகவுகளும் அக்கூட்டத்தில் இருந்தன.

கரை இறங்கிய அளவில் வீரர் கையில் அரசு அளித்தது பணிநீக்க ஆணை. தம்மைப் படைவீரராகவே கருதி வந்தோர் துறைமுகத்திலேயே பணியற்றவராயினர். அவர்தம் சிறார் முதன்முதற் கண்ட ஐரோப்பியக் காட்சியே தந்தையர் பதவி இழந்த காட்சி எனின் மிகையாகாது.

4. முகாம்

அரசின் கருத்து இவர்கள் சில திங்களே தங்குவர் என்பது. பெற்றோரின் கருத்தும் அதுவே. ஆயின் இரண்டும் ஒரே சொல்லால் வழங்கிய இருவேறு கருத்துகள். அரசுக்குத் ‘தற்காலிகம்’ என்பது செலவையும் பொறுப்பையும் வரையறுக்கும் சொல். பெற்றோர்க்கு அஃது உறுதிமொழி. ஒல்லாந்தர் தம்மைத் தென்மலுக்குக்கு மீண்டும் சேர்ப்பிப்பர் என அவர் நம்பினர். இக்கருத்து மயக்கம் இருபத்தைந்து ஆண்டுகள் தெளியாது நின்றது.

தங்குமிடங்களாகப் பழைய முகாம்களும் படைக்கொட்டில்களும் பிறவும் தெரிந்தெடுக்கப்பட்டன. திரெந்தே மாநிலத்து வெஸ்டர்போர்க் முகாம் அவற்றுள் ஒன்று. 1939-இல் செருமனியினின்று தப்பிவந்த யூதர்க்காகக் கட்டப்பட்ட அம்முகாமே, 1942 முதல் நாத்சிகளின் கைப்பட்டு, நூறாயிரத்துக்கு மேற்பட்ட யூதர்களைச் சாவுமுகாம்களுக்கு அனுப்பும் இடைத்தங்கல் ஆயிற்று. அதற்கே ‘ஸ்காத்தன்பெர்க்’ எனப் புதுப்பெயரிட்டு மலுக்குக் குடும்பங்களை வைத்தனர். வுக்ட் என்னும் ஊரிலிருந்த நாத்சி வதைமுகாமின் ஒரு பகுதியும் ‘லுனெட்டன்’ என்னும் பெயரொடு அவ்வாறே பயன்பட்டது. பெயரை மாற்றினர், கொட்டில்கள் அவையே. ஸ்காத்தன்பெர்க்கில் 1971 வரை மலுக்கு மக்கள் வாழ்ந்தனர். இருபதாண்டு என்பது ஒரு குழந்தை பிறந்து, வளர்ந்து, தானும் தாயாகத் தக்க காலம் அன்றோ?

முகாம் வாழ்வின் இயல்பை இரண்டு செய்திகளால் உணரலாம். ஒன்று சமையற்கூடம். உணவு பொதுக்கூடத்திற் சமைத்து அளிக்கப்பட்டது. தாயர் தம் கையாற் சோறாக்கும் உரிமையை இழந்தனர். உருளைக்கிழங்கை முதன்மையாகக் கொண்ட அயலுணவு சிறாரின் வழக்கமாயிற்று. மற்றொன்று கைச்செலவுப் பணம். வேலையற்ற வீரனுக்கு வாரந்தோறும் அரசு அளித்த தொகை 3 கில்டர். குளிருடையும் அரசே அளித்தது. பின்னர் வேலைக்குச் சென்றோரிடமிருந்து முகாமின் செலவுக்கென ஊதியத்தில் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது.

இவ்வேற்பாடு இரக்கத்தாற் செய்யப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. போரினாற் சிதைந்து, தன் குடிகளுக்கே வீடு போதாதிருந்த நாடு அது. ஆயினும் அதன் விளைவை நோக்குதல் வேண்டும். உணவு, உடை, கைச்செலவு ஆகிய மூன்றையும் பிறர் கையினின்று பெறுபவர் சிறார். அந்நிலையிலே தந்தையரும் வைக்கப்பட்டனர். ஆணையிட்டுப் பழகிய படைத்தலைவன் வரிசையில் நின்று சோறு பெறுவதைத் தன் மகன் காண நேர்ந்தது. வீட்டினுள் தந்தையின் ஆணை முன்னிலும் கடிதாயிற்று என்று பலர் நினைவு கூர்கின்றனர். வெளியே இழந்த பதவியை இல்லத்தினுள் நிலைநிறுத்த முயன்றமையே அதற்குக் காரணம் எனக் கருதுகின்றோம்.

இனிப் பெட்டிகள். கப்பலில் வந்த மரப்பெட்டிகளைப் பல குடும்பத்தார் முற்றத் திறவாமலே வைத்திருந்தனர் என்பது அம்மக்களின் நினைவுரைகளிற் பலகாலும் வரும் செய்தி. மீளுங் காலம் அணித்தே என்பது கருத்து. பெட்டியிலுள்ள பொருள் கெடாது இருந்தது. அதன் அருகே உறங்கிய குழந்தைதான் அவ்வாறு இருக்கவில்லை, வளர்ந்துகொண்டே இருந்தது.

5. பள்ளியும் இல்லமும்

முகாம்களிற் சிறார்க்குப் பள்ளிகள் அமைக்கப்பட்டன. பயிற்றுமொழி டச்சு. சில திங்களில் மீள்வர் என்று அரசு கருதிய குழந்தைகளுக்கு அயல்மொழிக் கல்வி அளித்தது முரண் போலத் தோன்றும். அம்முரணே உண்மையைக் காட்டுகின்றது. முதியோர்க்கு வேலையும் வீடும் அளியாது காலங்கடத்த முடிந்தது. சிறார்க்குப் பள்ளி அளியாது ஒருநாளும் கடத்த முடியவில்லை. எனவே சிறார் பள்ளியில் ‘இங்கு’ வாழக் கற்றனர். இல்லத்தில் ‘அங்கு’ மீளக் கற்றனர். முகாம் ஊருக்குப் புறத்தே இருந்தமையின் ஒல்லாந்தச் சிறாரொடு கூடி ஆடும் வாய்ப்பும் குறைவு. பள்ளிமொழி தோழமைமொழியாக வளர இடமில்லாது போயிற்று.

இல்லத்துக் கல்வியில் ‘பேலா’ என்னும் முறையைச் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். மலுக்குத் தீவுகளில் இரண்டு அல்லது பல ஊர்கள் முன்னோர் செய்த சூளுறவால் உடன்பிறப்பு முறை கொள்ளும். பேலா ஊரார் ஒருவர்க்கொருவர் உதவக் கடவர், கேட்டதை மறுத்தலாகாது, தம்முள் மணஞ்செய்தல் கூடாது. நம் நாட்டுப் பங்காளி முறையை இஃது ஓராற்றான் ஒக்கும். ஆயின் குருதியுறவின்றி ஊருறவாக நிற்பது இதன் தனித்தன்மை. பல ஊரினரும் ஒரே முகாமில் அடைபட்டபோது, யார் எவ்வூர், எவர் எவர்க்குப் பேலா என்பதைச் சிறாருக்கு உணர்த்துதல் இன்றியமையாததாயிற்று. தாம் ஒருநாளும் காணாத ஊரின் பெயரால் தம் மணத்துணையை விலக்கவேண்டிய நிலை அவ்விளையோர்க்கு நேர்ந்தது. ஊர் கண்ணாற் காணப்படவில்லை; அதன் விதி நாளும் கைக்கொள்ளப்பட்டது. ஊரொடு தொடர்பற்ற நாட்டில் ஊர்விதி வலியிழக்கும் என எதிர்பார்ப்பார்க்கு இஃது ஒரு பாடமாகும்.

எல்லாரும் சீர்திருத்தக் கிறித்தவர் அல்லர். தென்கிழக்குத் தீவினரிற் கத்தோலிக்கர் இருந்தனர். ஒரு சிறு கூட்டத்தார் முகமதியர். முகமதியக் குடும்பங்கள் பிரீசுலாந்து மாநிலத்தில் ‘வில்டமெர்க்’ என்னும் முகாமில் 1954 முதல் 1969 வரை வாழ்ந்து, ஆங்கொரு பள்ளிவாசலையும் கட்டிக்கொண்டனர். சிறுபான்மையினுள் அமைந்த இச்சிறுபான்மை தனியே ஆராயத்தக்கது.

6. அடுப்பும் வீடும்

1956-இல் அரசு ‘தற்பேணல் ஏற்பாடு’ என்பதனைப் புகுத்திற்று. பொதுச் சமையற்கூடங்கள் மூடப்பட்டன. குடும்பத்தார் தாமே வேலை தேடி, தாமே சமைத்து வாழவேண்டும் என்பது விதி. தாயர் இழந்த அடுப்பைத் திரும்பப் பெற்றது இதனாலேயே. ஆயினும் பலர் இதனை எதிர்த்தனர். அரசின் கட்டளையால் வந்தோம். மீட்டுச் சேர்க்கும் வரை எம்மைப் பேணுதல் அரசின் கடன் என்பது அவர் வாதம். தாமே உழைத்து உண்ணத் தொடங்கினால் ‘இங்கே குடியமர்ந்தோம்’ என ஒப்பியதாகும் என்றும் அஞ்சினர். அயலார் கண்ணுக்கு இது சோம்பலாகத் தோன்றிற்று. மெய்யில் இஃது ஓர் உரிமை வழக்கு.

சமூகவியல் அறிஞர் இல்டா பெர்வை-யோங்கர் அம்மையார் தலைமையில் அமைந்த குழு 1959-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மலுக்கு மக்கள் நெடுங்காலம் தங்குவர் என்பதை உட்கொண்டு, முகாம்களை விடுத்து ஊர்களை அடுத்த குடியிருப்புகளில் அவர்களை அமர்த்தவேண்டும் என அது பரிந்துரைத்தது. அதன்வழி வடபகுதியிலுள்ள அப்பிங்கதாம் ஊரில் முதற் குடியிருப்பு அமைந்தது. 1960-களில் பிற ஊர்களிலும் இத்தகைய குடியிருப்புகள் எழுந்தன. குழாய்நீரும் தனிச்சமையலறையும் கொண்ட வீடுகளைச் சிலர் ஏற்க மறுத்தனர். கொட்டிலில் இருப்போன் வழிப்போக்கன். வீட்டில் இருப்போன் குடி. இக்கருத்தை அறியாது அம்மறுப்பை விளங்கிக்கொள்ளல் அரிது.

7. முகாமிற் பிறந்தோர்

செராம் காடுகளிற் போரை நடத்திய தலைவர் சௌமொகில் 1963-இல் பிடிபட்டு, 1966 ஏப்பிரல் 12-இல் இந்தோனேசிய அரசாற் கொல்லப்பட்டார். மீட்சி இனி எவ்வாறு என்ற வினா எழுந்தது. முதியோர் வருந்தினர், இளையோர் சினந்தனர். தந்தையர்க்குச் செய்யப்பட்டது நம்பிக்கைக் கேடு என்பதும், தந்தையர் பொறுத்த அளவு தாம் பொறுத்தல் இயலாது என்பதும் அவர் கொள்கை.

1970-இல் வாசனார் ஊரிலிருந்த இந்தோனேசியத் தூதரின் இல்லம் கைப்பற்றப்பட்டது. 1975 திசம்பரில் வைஸ்டர் அருகே ஒரு தொடர்வண்டி மறிக்கப்பட்டு மூவர் கொல்லப்பட்டனர். 1977 மே 23-இல் தெ பொந்த் அருகே மற்றொரு தொடர்வண்டியும், அதே நாளில் போவன்ஸ்மில்டே ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியும் கைப்பற்றப்பட்டன. பள்ளியிற் பிணையாக வைக்கப்பட்டோர் 105 சிறாரும் 5 ஆசிரியரும். சிறாரிடையே நோய் பரவவே, நான்கு நாளின்பின் அவர் விடுவிக்கப்பட்டனர். சூன் 11-இல் படை புகுந்து தொடர்வண்டியை மீட்டபோது பயணியர் இருவரும், மறித்தோருள் அறுவரும் இறந்தனர்.

இச்செயல்களை எவ்வாற்றானும் நியாயப்படுத்தல் இயலாது. குற்றமற்ற பயணியரையும் பள்ளிச் சிறாரையும் பிணையாக்குதல் எந்த உரிமை வழக்கையும் கறைப்படுத்தும். வரலாற்று மாணவன் இதனை ஐயத்திற்கிடமின்றிக் கூறிவிட்டே காரணத்தை ஆராயவேண்டும். செய்தோர் பெரும்பாலும் முகாமிற் பிறந்தோர் அல்லது வளர்ந்தோர். தாம் கண்டறியாத நாட்டிற்காகப் போராடியவர். தற்காலிகம் எனத் தள்ளிவைக்கப்பட்ட ஒரு குழந்தைப்பருவத்தின் பயன், மற்றொரு குழந்தைக் கூட்டத்தின் வகுப்பறையிற் சென்று முடிந்தது. போவன்ஸ்மில்டேயில் மலுக்குக் குடியிருப்பும் அப்பள்ளியும் ஒரே ஊரில் இருந்தன என்பதை எண்ணுக. பிணைப்பட்ட சிறாரும் இக்குடிபெயர்வின் வரலாற்றுக்குள் வைத்தெண்ணத் தக்கவரே. இருதிறத்துச் சிறாரும் தாம் பேசாத ஒரு வாக்குறுதிக்கு விலை தந்தனர்.

8. ‘இங்கு’ என்னும் சொல்

வாக்குறுதியைப் பற்றி முதியோரும் அரசும் வழக்காடிக்கொண்டிருந்த காலத்திலேயே, சிறார் அறியாமலே ஒரு விடை பகர்ந்து வந்தனர். அவ்விடை மொழியிற் காணப்படுகின்றது. வீட்டில் வழங்கிய தங்சி மலாயும் பள்ளியில் வழங்கிய டச்சும் கூடி, இளையோர் வாயில் ஒரு புதுவகை மலாய் உருப்பெற்றது. டச்சுச் சொற்களும் டச்சுத் தொடரமைப்பின் சாயலும் அதிற் புகுந்தன. அதற்கு வழங்கும் பெயர் ‘மெலாயு சினி’ என்பது. பெர்த் தாகித்து என்னும் ஆய்வாளர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் அளித்த ஆய்வேட்டில் இதனை விரிவாக ஆராய்ந்தார்.

‘சினி’ என்னும் மலாய்ச்சொல்லின் பொருள் ‘இங்கு’ என்பதாகும். எனவே இப்பெயரின் பொருள் ‘இங்குள்ள மலாய்’. ஒரு கூட்டம் தன் பேச்சுக்கு ஊர்ப்பெயரோ இனப்பெயரோ இடாது, ‘இங்கு’ என்னும் இடச்சுட்டால் அடை கொடுத்தது பெரிதும் எண்ணத்தக்கது. ‘அங்கு’ மீள்வோம் என்னும் நம்பிக்கையில் வளர்க்கப்பட்டோர் வாய்மொழியே ‘இங்கு’ எனப்பட்டது. எழுத்திலும் ஒன்று காணலாம். ‘மெலாயு’ என்பதன் யகர ஒலியைப் பழைய டச்சு முறைப்படி ‘ஜே’ என்னும் எழுத்தால் எழுதுவர். இந்தோனேசியா 1972-இல் தன் எழுத்துமுறையைத் திருத்தி அவ்வொலிக்கு ‘ஒய்’ எழுத்தைக் கொண்டது. நெதர்லாந்தில் வாழ்ந்தோரிடையே இப்பெயர் பழைய எழுத்தோடே நின்றது. ஆகவே இப்பெயரின் முற்பாதி அவர் புறப்பட்ட காலத்தைக் காத்தது. பிற்பாதி அவர் சேர்ந்த இடத்தை ஒப்பிற்று. இவ்வரலாற்றின் சுருக்கம் இவ்விரு சொல்லுள் அடங்கும் எனலாம்.

எழுத்திலக்கியமும் எழுந்தது, அது பெரும்பாலும் டச்சு மொழியிலே. பிரான்சு லோபுலாலன் 1985-இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘பனியின்கீழ் ஒரு கிழக்கிந்தியக் கல்லறை’ என்னும் பொருளது. மீள்வதாகக் கூறிய தந்தையின் தலைமுறை அயல்மண்ணிற் புதைந்ததை மகனின் தலைமுறை அயல்மொழியில் எழுதிற்று.

9. ஒரு தடையும் விடையும்

சிறார்க்கு நேர்ந்த இடர்க்குக் காரணம் முகாமின் தனிமையே ஒழிய, மீட்சி நம்பிக்கை அன்று எனச் சிலர் கூறக்கூடும். அந்நம்பிக்கையே மொழியையும் பேலா முறையையும் திருச்சபை வாழ்வையும் காத்தது. அது இல்லையேல் அக்கூட்டம் ஒரு தலைமுறையிற் கரைந்திருக்கும் என்றும் கூறுவர். இத்தடை புறக்கணிக்கத் தக்கதன்று. பின்னதனை யாமும் உடன்படுகின்றோம். மலாய் வீட்டுமொழியாக நின்றது பெற்றோரின் உறுதியாலேயே.

ஆயின் நம்பிக்கையை நினைவாகப் போற்றுதல் ஒன்று. நாள்வாழ்க்கையின் அமைப்பாக ஆக்குதல் வேறொன்று. ஊரின் பெயரையும் மொழியையும் குழந்தைக்கு அளித்தல் முன்னது. வேலை, வீடு, குடியுரிமை ஆகியவற்றை மீளும் நாள் வரை ஒத்திவைத்தல் பின்னது. பின்னதே தீங்கு பயந்தது. அதன் பொறுப்பிற் பெரும்பகுதி அரசினுடையது. முகாமைக் கட்டியவரும் பணிநீக்கம் செய்தவரும் பெற்றோர் அல்லர். முகாமின் தனிமை என்பதும் ‘தற்காலிகம்’ என்னும் கருத்தின் வழிப் பிறந்ததேயன்றி வேறன்று.

குடியுரிமை நிலை இதற்குச் சான்று. பலர் எந்நாட்டுக் குடியுமின்றி இருந்தனர். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே, குடியுரிமை பெறாத மலுக்கரையும் நெதர்லாந்துக் குடிகளைப் போல நடத்த வழிசெய்தது. 1978-ஆம் ஆண்டு அரசின் கொள்கையறிக்கை அவர் நிலையாக வாழ்வோர் என்பதை உட்கொண்டு எழுந்தது. கப்பல் கரை சேர்ந்து இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. 1986-இல் அரசும் மலுக்குத் தலைவரும் செய்த உடன்பாட்டின்படி முதல் தலைமுறையினர்க்கு ஆண்டுக்கு 2,000 கில்டர் மதிப்புத்தொகையும், நினைவுப் பதக்கமும், இளையோர்க்கு ஆயிரம் வேலைகளுக்கான திட்டமும், வரலாற்று அருங்காட்சியகமும் வகுக்கப்பட்டன. 1990-இல் உத்ரெக்ட் நகரில் திறக்கப்பட்ட அவ்வருங்காட்சியகம் 2012-இல் மூடப்பட்டது. பின்னர் அதன் பணி தி ஹேக் நகரில் தொடர்ந்தது.

10. முடிவுரை

இவ்வரலாறு தமிழ்த்துறையினர்க்கு யாது பயக்கும் என வினவலாம். இதே நெதர்லாந்துக்கு 1980-களில் ஈழத்தமிழர் அடைக்கலம் நாடிச் சென்றனர். அவர்களுக்கென 1985-இல் அந்நாட்டரசு வகுத்த ஏற்பாட்டைப் ‘படுக்கை, குளியல், ரொட்டி’ என்னும் பெயரால் அழைத்தனர். உறைவிடமும் உணவும் கைச்செலவும் அரசு அளிக்கும்; பிற உதவி பெறுதற்கில்லை. 1951-ஆம் ஆண்டின் முகாம் முறையையும் 1985-ஆம் ஆண்டின் இவ்வேற்பாட்டையும் ஒருங்குவைத்து நோக்குவார், இரண்டினுள்ளும் ‘தற்காலிகம்’ என்னும் கருத்தே உறைதலைக் காண்பர். வேறுபாடும் உண்டு. மலுக்கர் குடும்பத்தோடு சென்றனர். தமிழருள் முதற்கண் சென்றோர் பெரும்பாலும் தனித்த இளைஞர். குடும்பங்கள் பின்னரே சேர்ந்தன. சிறார் பின்னரே பிறந்தனர்.

அச்சிறாரின் தமிழை ஆராய்தல் நம் கடன். வார இறுதிப் பள்ளிகளில் அவர் எழுதும் கட்டுரைகள், பெற்றோரொடு பேசும் பேச்சு, தம்முள் பேசும் பேச்சு ஆகிய மூன்றையும் தொகுத்து வேறுபாடு காணல் வேண்டும். அவர் தமிழை நம் தமிழின் குறைவடிவம் என எடுத்த எடுப்பிலே தள்ளுதல் ஆராய்ச்சியாகாது. மலாய் அறிஞர் மெலாயு சினியைத் தனி வழக்காக ஏற்று ஆராய்ந்தமையால் அன்றோ அதன் பெயரிலுள்ள வரலாறு புலனாயிற்று?

குழந்தைகளொடு கடல் கடப்போர் தம் ஊரின் நினைவையும் மொழியையும் உடன்கொண்டு செல்லல் தகும். ஆயின் சென்ற நாளிலேயே பெட்டியைத் திறந்து, உள்ளவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் எடுத்துவைத்தல் வேண்டும். மலுக்கு மக்கள் நாற்பதாண்டு இடர்ப்பட்டுக் கற்ற பாடம் இதுவெனக் கருதுகின்றோம்.